பாலில் எழுதிய லெனின்

லெனின் என்றதும் பலருக்கு 1917-ஆம் ஆண்டுப் புரட்சி நினைவுக்கு வரும். எனக்கோ சிறையில் அவர் குடிக்காமல் வைத்த பால் நினைவுக்கு வருகிறது.

1870-இல் பிறந்தவர், 17 வயதில் தமையனைத் தூக்குமேடைக்குப் பறிகொடுத்தார். 1895 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் சிறைப்பட்டார். ரொட்டியால் மைக்கூடு செய்து, அதில் பால் ஊற்றி, புத்தக வரிகளுக்கிடையே கட்சித் திட்டத்தை எழுதினார். காவலர் வந்தால் மைக்கூட்டையே விழுங்கிவிடுவார்!

உலர்ந்த பால் கண்ணுக்குத் தெரியாது. வெளியே தோழர்கள் சூடு காட்டினால், தாள் கருகுமுன் பால் கருகி, எழுத்துகள் பழுப்பாய்த் தெரியும்.

பின்னர் மூன்றாண்டு சைபீரிய வாசம். 1917-இல் ஆட்சியைப் பிடித்ததும் அவரே எதிர்ப்பு ஏடுகளை மூட ஆணையிட்டார், 1924-இல் மறைந்தார்.

நண்பர்களே, பாலில் எழுதிய கையே பிறர் மையைத் தடுத்ததே! அதைத்தான் நாம் மறக்கலாகாது என்பேன்.