உலோகத்தைப் பாடவைத்தவர்

வைப்ரஃபோன், உலோகத் தகடுகளைக் கோல்களால் தட்டி இசைக்கும் கருவி. ஒவ்வொரு தகட்டின் கீழும் ஒரு குழாய் உண்டு. குழாயின் வாயில் மின்விசையால் சுழலும் சிறுவட்டு, வாயைத் திறந்து மூட, ஒலி அலையலையாய் அதிரும். ஆயினும், தட்டிய சுரத்தைப் பாடகரைப் போல வளைத்து இழைக்க இயலாது. இக்குறையை வெல்ல முனைந்தவர் மில்ட் ஜாக்சன்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1923இல் பிறந்த அவர், இளமையில் கிறித்தவ பக்திப் பாடல்களைப் பாடியவர். மனிதக் குரலின் உருக்கத்தைக் கருவியில் தேடினார். முன்னோடியான லயனல் ஹாம்ப்டன் வட்டுகளை விரைந்து சுழலவிட்டார். ஜாக்சனோ வேகத்தை வெகுவாகக் குறைத்தார். அதிர்வு, பாடகரின் குரலசைவை ஒத்தது. மிதிகட்டையை அழுத்திச் சுரத்தை நீளவிட்டார், விடுத்து அடக்கினார். அந்த மௌனமும் இசையாயிற்று.

1952இல் உருவான ‘மாடர்ன் ஜாஸ் குவார்டெட்’ என்னும் நால்வர் குழுவில், ஜான் லூயிஸ் வகுத்த கட்டுக்கோப்பான இசையமைப்புகளுக்கு நடுவே, ஜாக்சனின் தனிவாசிப்பு ப்ளூஸ் இசையின் துயரையும் துள்ளலையும் பொழிந்தது. கட்டுப்பாடும் விடுதலையும் மோதின. அம்மோதலே குழுவின் உயிராயிற்று. 1974இல் அவர் விலகியதும் குழு கலைந்தது. 1981இல் நால்வரும் மீண்டும் இணைந்தனர். 1999இல் ஜாக்சன் மறைந்தார்.

விரைவைத் துறந்தே அவர் உணர்ச்சியைப் பெற்றார். கருவியின் எல்லையை அறிந்தவரே அதனைக் கடக்கவும் வல்லவர் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.