பச்சைப் பூச்சிக்குப் பெயரிட்டவர்: எட்வர்டு எர்னஸ்ட் கிரீன்

நுழையும்முன்

பயிரைக் காக்க விரும்புவோர் பயிரின் பகையை அறிதல் வேண்டும். அப்பகையை அதனை ஒத்த பிறவற்றிலிருந்து பிரித்தறிவதே அதற்கு முதற்படி. காப்பி இலையின் அடியில் ஒட்டிக்கிடக்கும் மிகச்சிறிய பூச்சிகளை வாழ்நாள் முழுவதும் உற்றுநோக்கி, ஓவியமாக வரைந்து, வகைப்படுத்திப் பெயரிட்ட ஓர் அறிஞரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

சேர்வராயன் மலையில் ஒரு சிறு பூச்சி

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். இன்று சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் வளர்கின்றன. அம்மரங்களைப் பற்றி மிளகுக்கொடிகள் படர்கின்றன.

காப்பி இலையொன்றைத் திருப்பிப் பார்த்தால், நடுநரம்பை ஒட்டி முட்டை வடிவில் பச்சைப் புள்ளிகள் சில தென்படலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுடையது, தட்டையானது. தொட்டாலும் அசையாது. அவை இலையில் தோன்றிய புள்ளிகள் என்றே புதிதாகக் காண்போர் எண்ணுவர். உண்மையில் அவை உயிருள்ள பூச்சிகள். ஊசிபோன்ற வாயை இலைக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பவை. உழவர் இதனைப் பச்சைச் செதிற்பூச்சி என்பர். அறிவியல் உலகம் இதனைக் காக்கஸ் விரிடிஸ் என்று அழைக்கிறது.

இலத்தீன் மொழியில் விரிடிஸ் என்பதற்குப் பச்சை என்பது பொருள். இப்பெயரை இட்டவர் எட்வர்டு எர்னஸ்ட் கிரீன். ஆங்கிலத்தில் கிரீன் என்றாலும் பச்சை என்றே பொருள்படும். பச்சைப் பூச்சிக்குப் பச்சை என்னும் பெயருடையவரே பெயரிட நேர்ந்தது இனிய தற்செயல்.

உறிஞ்சும் பூச்சிகளின் குலம்

நெற்கதிரில் பால் உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சி, அவரைக் கொடியில் மொய்க்கும் அசுவினி, செம்பருத்தியில் வெண்பஞ்சுபோல் படியும் மாவுப்பூச்சி, அரக்குத் தரும் அரக்குப்பூச்சி ஆகியன அனைத்தும் ஹெமிப்டிரா என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இலையைக் கடித்துத் தின்னாமல் சாற்றை உறிஞ்சி வாழ்வது இவ்வரிசைப் பூச்சிகளின் பொது இயல்பு.

இவற்றுள் செதிற்பூச்சிகளின் வாழ்க்கை வியப்பிற்குரியது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு சில காலம் ஊர்ந்து திரியும். ஏற்ற இடம் கண்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பெண்பூச்சிக்கு எக்காலத்திலும் இறகு முளைப்பதில்லை. பல இனங்களில் கால்களும் உணர்கொம்புகளும் தேய்ந்து மறைந்தேபோகும். உடலை மெழுகோ ஓடோ மூடிக்கொள்ளும். உருவ வேறுபாடுகள் இவ்வாறு மறைந்துவிடுவதால் ஓரினத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரித்தறிவது அரிது. அந்த அரிய பணியையே கிரீன் மேற்கொண்டார்.

பிறப்பும் இளமையும்

கிரீன் 1861ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். இலங்கையில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பம் அவருடையது. அதே ஆண்டில்தான் ஜான் நீட்னர் என்பவர் இலங்கைக் காப்பிச் செடியின் பகைகளைப் பற்றிய நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். காப்பியும் அதனைத் தாக்கும் பூச்சிகளும் அந்நாளிலேயே மக்களின் கவலைக்குரிய பொருளாகிவிட்டதை அந்நூல் காட்டுகிறது.

இங்கிலாந்தில் கல்வி பயின்ற கிரீன், பின்னர் இலங்கைக்குத் திரும்பித் தோட்டத் தொழிலில் ஈடுபட்டார். மலைநாட்டில் புண்டலுஓயா என்னும் ஊரிலிருந்த ஈட்டன் தோட்டம் அவருடைய வாழிடமாகவும் ஆய்வுக்களமாகவும் அமைந்தது. அவர் பெயரிட்ட பூச்சிகள் பலவற்றுக்கு முதன்முதலில் கண்டெடுக்கப்பட்ட இடமாகப் புண்டலுஓயாவே குறிக்கப்பட்டுள்ளது.

சரிந்த காப்பித் தோட்டங்கள்

கிரீன் தோட்டத்தில் கால்வைத்த காலம் துயரமானது. 1870-களின் இறுதியில் இலங்கையில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் காப்பி பயிரிடப்பட்டிருந்தது. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அத்தோட்டங்களை ஆண்டுதோறும் நலிவித்தது. நோயினால் இலையுதிர்ந்து மெலிந்த செடிகளின்மேல், 1880-களில் பச்சைப் பூச்சியும் பரவியது.

இப்பூச்சி இருவகையில் தீங்கு செய்யும். முதலாவதாக, இளந்தளிரின் சாற்றை உறிஞ்சிச் செடியை வாடச்செய்யும். இரண்டாவதாக, தேன்போன்ற கழிவை இலைமேல் சொரியும். அக்கழிவில் கரும்பூசணம் படர்ந்து இலையைக் கரிபூசியதுபோல் மூடிவிடும். ஒளிபடாத இலை உணவு ஆக்க இயலாது. தேனை நாடி வரும் எறும்புகள் பூச்சியின் பகைகளை விரட்டி அதற்குக் காவலும் செய்யும். பெண்பூச்சிகள் ஆணின் துணையின்றியே இனம் பெருக்குவதால் ஒரு பூச்சி ஒரு தோட்டத்தையே நிரப்ப வல்லது.

காப்பித் தொழில் வீழ்ந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்ட முதலாளிகள் பலர் கடனில் மூழ்கினர். சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து சென்று அத்தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் துன்பம் அதனினும் பெரிது. உழைத்த உழைப்பிற்குக் கூலி கிடைக்காமல் பலர் தவித்தனர். சிலர் ஊர் திரும்பினர். சிலர் தேயிலைத் தோட்டங்களுக்கு மாறினர்.

பெயர் பிறந்த முறை

தோட்டக்காரர்கள் தாம் கண்ட பூச்சிகளை நிறத்தால் அழைத்தனர். பழுப்புப் பூச்சி, கறுப்புப் பூச்சி, வெள்ளைப் பூச்சி, பச்சைப் பூச்சி என்பன அவர்கள் வழங்கிய பெயர்கள். நிறத்தை மட்டும் நம்பி ஓரினத்தை உறுதிசெய்ய இயலாது. ஒரே பூச்சி இளமையில் ஒரு நிறமும் முதுமையில் வேறு நிறமும் கொள்ளக்கூடும். வெவ்வேறு இனங்கள் ஒரே நிறத்தில் தோன்றவும் கூடும்.

எனவே, அக்கால ஆய்வாளர்கள் உருப்பெருக்கியின் துணையை நாடினர். பூச்சியைக் காரநீரில் கொதிக்கவைத்து உள்ளிருக்கும் சதையையும் மெழுகையும் நீக்குவர். கண்ணாடிபோல் தெளிந்த தோலைக் கழுவி, கண்ணாடித் தகட்டின்மேல் பிசினில் பதிப்பர். அதன் பின்னரே உண்மையான அடையாளங்கள் புலப்படும். உணர்கொம்பில் கணுக்கள் எத்தனை, மூச்சுத்துளைகளின் அருகில் முட்கள் எவ்வாறு அமைந்துள்ளன, மெழுகு சுரக்கும் நுண்துளைகளின் வரிசை எத்தகையது என்பனவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வர். முன்னர் விவரிக்கப்பட்ட இனங்கள் அனைத்தோடும் ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாதபோதே புதிய இனம் என்று துணிவர்.

கிரீன் பச்சைப் பூச்சியை 1889ஆம் ஆண்டு லெக்கானியம் விரிடே என்னும் பெயரால் அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தார். உயிருள்ள பூச்சியின் முதுகில் வளைந்த கோடுபோல் கருநிறமாகத் தெரியும் குடலின் சாயலும் அதன் அடையாளங்களுள் ஒன்றாகும். பிற்காலத்தில் அப்பூச்சி காக்கஸ் என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டது. அதனால் இன்று அதன் பெயருக்குப் பின்னர்க் கிரீனின் பெயர் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகிறது. பேரினம் மாறினாலும் முதலில் விவரித்தவரின் உரிமையும் பொறுப்பும் மாறா என்பதே அவ்வழக்கத்தின் கருத்து.

அப்பெயர் இலங்கைக் காப்பியை மீட்கவில்லை. அது வெளியானபோது மலைச்சரிவுகளில் தேயிலை வேரூன்றிவிட்டது. எனினும் காப்பி விளையும் பிற நாடுகளுக்கு அப்பெயர் பயன்பட்டது. வெவ்வேறு நாட்டினர் வெவ்வேறு மொழிகளில் எழுதிய செய்திகள், தாம் பேசுவது ஒரே பூச்சியைப் பற்றியே என்னும் உறுதியோடு ஒருங்கே சேர்ந்தன.

இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு நூல்

இலங்கையின் செதிற்பூச்சிகள் என்பது கிரீனின் தலைசிறந்த நூல். அதன் 5 பகுதிகளும் 1896, 1899, 1904, 1909, 1922 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. முதற்பகுதிக்கும் இறுதிப் பகுதிக்கும் இடையே 26 ஆண்டுகள் கடந்தன. அந்நூலின் வண்ணப்படங்களை அவரே வரைந்தார். செடியில் ஒட்டியிருக்கும் தோற்றம், பெண், ஆண், குஞ்சு, உறுப்புகளின் நுண்வடிவம் என ஒவ்வோர் இனத்தையும் பல நிலைகளில் வரைந்து காட்டினார். மங்கிவிடும் உயிர்நிறத்தை ஓவியத்தில் நிலைநிறுத்தியமையால், உலர்ந்த மாதிரியை மட்டும் கண்டு எழுதியவர்களைவிட அவர் தெளிவாக விளக்க முடிந்தது.

1899 முதல் 1913 வரை அவர் இலங்கை அரசின் பூச்சியியல் அறிஞராகப் பேராதனையில் பணியாற்றினார். இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட செதிற்பூச்சிகளையும் ஆராய்ந்து, இந்திய வேளாண்மைத் துறையின் வெளியீடுகளில் கட்டுரைகள் எழுதினார்.

தெரிந்து தெளிவோம்

புதிய இனத்தை விவரிக்கும்போது எந்த மாதிரியைக் கண்டு விவரித்தார்களோ அதனை மூலமாதிரி என்பர். அதனை அருங்காட்சியகத்தில் பாதுகாப்பர். விவரிப்பில் ஐயம் எழுந்தால், நூறாண்டு கடந்த பின்னரும் மூலமாதிரியோடு ஒப்பிட்டு உண்மை காணலாம். பெயரிட்டவரின் சொல்லையும் சரிபார்க்க வழிசெய்வது இம்முறையின் சிறப்பு.

இனம் பிரித்தறிதலின் பயன்

நுண்ணிய வேறுபாடுகளைக் கண்டறிவதால் என்ன பயன் என்னும் வினா எழலாம். தமிழகத்தின் சப்பாத்திக்கள்ளி வரலாறு அதற்கு விடை தரும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், செஞ்சாயம் தரும் காச்சினீல் பூச்சியை இங்கு வளர்க்க விரும்பினார். அப்பூச்சிக்கு உணவாகும் கள்ளிக்கென்று சைதாப்பேட்டையில் தோட்டம் அமைக்கப்பட்டது. 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சிகள் இந்தியாவிற்கு வந்தன. ஆனால், வந்தவை உயர்ந்த சாயம் தரும் இனம் அன்று. அதனை ஒத்த வேறோர் இனம். சாயத்தொழில் செழிக்கவில்லை. அப்பூச்சியோ களையாகப் பரவிய ஒருவகைக் கள்ளியை உண்டு அழித்தது. 1836 முதல் 1838 வரையான காலத்தில் தென்னிந்தியாவிலும், பின்னர் இலங்கையிலும் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அது பரப்பப்பட்டது. களையைப் பூச்சியால் கட்டுப்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் இது முதன்மையானது.

இலங்கையில் அப்பூச்சியைக் கண்ட கிரீன், அது மெய்யான காச்சினீலிலிருந்து வேறுபடுவதை உணர்ந்து 1896இல் செலோனிக்கஸ் என்று பெயரிட்டார். இன்று அது டாக்டிலோப்பியஸ் செலோனிக்கஸ் என்னும் தனி இனமாக ஏற்கப்பட்டுள்ளது.

தென்மாவட்டங்களில் பரவிய மற்றொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை இப்பூச்சி தீண்டவில்லை. அதற்கு இக்குலத்தின் வேறோர் இனம் தேவைப்பட்டது. டாக்டிலோப்பியஸ் ஒபன்ஷியே என்னும் அப்பூச்சி 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து விடுபட்டது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு பூச்சிகளின் வேறுபாடு, உழவரின் நிலத்தை மீட்டுத்தரும் அளவிற்குப் பெரிதாயிற்று.

காப்பிப் பூச்சியின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. பச்சைச் செதிற்பூச்சியை ஒழிப்பதற்காக 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவகைப் பொறிவண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அவ்வண்டு பச்சைப் பூச்சியைக் குறைக்கவில்லை. மாவுப்பூச்சிகளையே விரும்பி உண்டது. இன்று காப்பி, எலுமிச்சை, திராட்சைத் தோட்டங்களில் மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த அவ்வண்டு வளர்த்து விடப்படுகிறது. பச்சைச் செதிற்பூச்சிக்கோ எறும்புகளைத் தடுத்தலும், மழைக்காலத்தில் அதன் உடலைச் சூழ்ந்து வெள்ளை வளையம்போல் வளரும் பூஞ்சையும் உதவுகின்றன. எவ்வினத்திற்கு எது பகை என்பதை அறிய, அது எவ்வினம் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நிலைத்த பணி

ஓய்வு பெற்றபின் கிரீன் இங்கிலாந்து சென்று வாழ்ந்தார். அங்கும் ஆய்வை நிறுத்தவில்லை. தம் நூலின் இறுதிப் பகுதியை 61ஆம் வயதில் நிறைவு செய்தார். 1923ஆம் ஆண்டு இலண்டன் பூச்சியியல் கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1949இல் மறைந்தார். அவர் பதித்துவைத்த கண்ணாடித் தகடுகள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

தமிழகத்தில் இப்பணி தொடர்ந்தது. கோயம்புத்தூரில் பூச்சியியல் அறிஞராக விளங்கிய டி.வி. இராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியச் செதிற்பூச்சிகளையும் இலைப்பேன்களையும் ஆராய்ந்தார். 1940இல் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளைப் பற்றிய கையேட்டினை வெளியிட்டார்.

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத்தில் இன்று ஓர் உழவர் இலையைத் திருப்பி இது பச்சைச் செதிற்பூச்சி என்று உறுதியாகக் கூறும்போது, அவ்வுறுதிக்குப் பின்னால் கிரீனின் உழைப்பு நிற்கிறது. தம் தோட்டத்துக் காப்பியைக் காக்க இயலாத காலத்தில் அவர் தொடங்கிய ஆய்வு, பிறர் தோட்டத்துக் காப்பியைக் காக்கும் அறிவாக வளர்ந்துள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உழவர்கள் பயிர்ப்பூச்சிகளுக்கு வழங்கும் பெயர்களைத் திரட்டி, அவை நிறம், வடிவம், செயல் ஆகியவற்றுள் எதனால் அமைந்தவை என வகைப்படுத்துக.

2. ஒரு செடியின் இலையடியில் காணும் பூச்சியை 7 நாள்கள் உற்றுநோக்கி, அதன் தோற்றத்தையும் மாற்றங்களையும் படத்துடன் விவரித்து எழுதுக.

3. ஓர் உயிரினத்தைத் தவறாக இனங்காண்பதால் விளையும் நன்மை தீமைகள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.