தயங்கித் துணிந்த அரையாடை

ஆடையை மாற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். அதற்குரிய துணிவு அத்துணை விரைவில் பிறப்பதில்லை. காந்தியடிகள் மதுரையில் அரையாடை பூண்டார் என்பதை நாடறியும். அதற்குமுன் இருமுறை அவர் தயங்கி நின்றதைப் பலர் அறியார்.

1869இல் போர்பந்தரில் பிறந்த அவர், 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். பிறரைப்போல் தோன்றும் வேட்கையால் உயர்ந்த தொப்பியும் விலைமிக்க மாலையுடையும் வாங்கினார். கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டியைத் திருத்துவதில் நாள்தோறும் பத்து நிமிடங்களைக் கழித்தார். 1893இல் தர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் களையுமாறு நீதிபதி பணித்தபோது, மறுத்து வெளியேறினார். 1913இல் தென்னாப்பிரிக்காவில் வேலைநிறுத்தம் செய்த இந்தியத் தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். அத்துயரின் அடையாளமாக ஐரோப்பிய உடையை நீத்து, ஒப்பந்தக் கூலிகளின் எளிய உடையை ஏற்றார். அக்கூலிகளுள் தமிழர் பலராவர்.

1921இல் அந்நியத் துணிப் புறக்கணிப்பு நாடெங்கும் பரவியது. வங்கத்துக் குல்னாவில் மக்கள் பசியாலும் ஆடையின்மையாலும் வாட, இவர் துணியை எரிக்கிறாரே என்னும் ஏளனம் எழுந்தது. தம் சட்டையையும் வேட்டியையும் அவர்களுக்கு அனுப்பிவிட்டு அரைத்துணியோடு நிற்க எண்ணினார். அவ்வெண்ணத்தில் தன்முனைப்பின் சாயல் இருப்பதை உணர்ந்து அடங்கினார். செப்டம்பர் 14 அன்று வால்டேரில் மௌலானா முகமது அலி கைதானபோது அவ்வெண்ணம் மீண்டும் எழுந்தது. பரபரப்பை விளைத்ததாகுமோ என அஞ்சி அப்போதும் நிறுத்திக்கொண்டார்.

பின்னர்த் தமிழகம் வந்தார். கதர் வாங்கப் பொருளில்லை என ஏழைகள் முறையிட்டனர். கதர் கிட்டாவிடில் அரைத்துணியோடு அமையுங்கள் என மேடைகளில் கூறலானார். ஆயினும் முழு வேட்டியும் சட்டையும் அணிந்து தாம் கூறிய அச்சொல்லில் வலிமையில்லை என்பதை அவரே உணர்ந்தார். உடனிருந்தோரிடம் கருத்தை வெளியிட்டபோது மௌலானா ஆசாத் சுபானி மனமுவந்து ஏற்றார். இராஜாஜி, டாக்டர் இராஜன் முதலியோர் கலங்கினர். மக்கள் பித்தரென எண்ணக்கூடும் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை அடிகளும் எளிதெனத் தள்ளிவிடவில்லை. சில நாள்கள் உள்ளத்தில் எடையிட்டுப் பார்த்தார்.

மதுரை மேல மாசி வீதியில் தங்கியிருந்த இரவில் முடிவு பிறந்தது. செப்டம்பர் 22 காலையில், 52ஆம் அகவை நிறைவுற்றிராத அவர் அரையாடையுடன் வெளிவந்தார். அக்கோலத்தில் மக்கள்முன் தோன்றிய இடம் இன்றும் காந்தி பொட்டல் எனப்படுகிறது. அப்போதும் அவர் வாழ்நாள் சூளுரை செய்யவில்லை; அக்டோபர் 31 வரை என்றே எல்லை வகுத்தார். பிறர் தம்மைப் பின்பற்ற வேண்டும் என்றும் கேட்கவில்லை. தேவைப்படுங்கால் உடலைப் போர்வையால் மூடவும் தயங்கவில்லை.

குறித்த நாள் கடந்தது, ஆடை நிலைத்தது. 1931 நவம்பரில் பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் விருந்திற்கும் அவர் அரையாடையும் சால்வையுமாகவே சென்றார். இளமையில் ஊராரைப்போல் தோன்ற முயன்ற அதே இலண்டனில், ஏழைகளின் கோலத்தோடு கூச்சமின்றி நடந்தார்.

1948 சனவரி 30 அன்று சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த குருதி படிந்த ஆடையின் பகுதி, மதுரைக் காந்தி அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. துணிவு பிறந்த ஊருக்கே அத்துணி வந்து சேர்ந்திருக்கிறது.