ஊர்வலம் தந்த புத்தகக் கடைக்காரர்

நியூயார்க் நகரம். 1970-ம் ஆண்டு ஜூன் மாதம் 28-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

கிரீன்விச் வில்லேஜ் என்பது அந்நகரின் ஒரு பகுதி. அங்கே ஒரு சிறிய தெருவில் கொஞ்சம் பேர் கூடி நின்றார்கள். கையில் துணிப் பதாகைகள், எழுதிய அட்டைகள். முகத்திலோ கலக்கம்.

கல் விழுமோ, அடி விழுமோ என்ற பயம். பத்திரிகையில் படம் வந்துவிட்டால் நாளைக்கு வேலை போய்விடுமே என்ற பயம். சொந்த ஊரில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அவர்கள் திருடர்கள் அல்ல. யாரையும் ஏமாற்றியவர்களும் அல்ல. ஆண்களில் சிலருக்கு ஆண்கள் மீதே காதல் பிறக்கிறது. பெண்களில் சிலருக்குப் பெண்கள் மீதே காதல் பிறக்கிறது. இதைத் தன்பால் ஈர்ப்பு என்கிறோம். அங்கே கூடியவர்கள் அத்தகையவர்கள்.

கூட்டத்தைக் கூட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு புத்தகக் கடைக்காரர். வயது 29. பெயர் கிரேக் ராட்வெல்.

இன்று உலகின் பல நகரங்களில் ஆண்டுதோறும் பெருமை ஊர்வலம் நடக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அந்த ஊர்வலம் பிறந்தது எப்படி? ராட்வெல்லின் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும்.

விடுதிப் பையன்

அமெரிக்காவில் சிகாகோ நகரில், 1940-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி ராட்வெல் பிறந்தார். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். தாய் வேலைக்குப் போய்ப் பிழைக்க வேண்டிய நிலை. மகனை வீட்டில் வைத்து வளர்க்க முடியவில்லை. சிறு வயதிலேயே ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

பையன்கள் மட்டும் தங்கிப் படிக்கும் பள்ளி அது. கண்டிப்பு அதிகம். கிறிஸ்தவ விஞ்ஞானம் என்ற மதப் பிரிவைச் சேர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, உண்மையை மறைக்கக் கூடாது என்று அங்கே பாடம் நடந்தது. பையன் அந்தப் பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டான். பின்னாளில் வந்த தொல்லைகளுக்கெல்லாம் அதுதான் காரணம் என்றுகூடச் சொல்லலாம்!

1958-ம் ஆண்டு ராட்வெல் நியூயார்க் வந்தார். பாலே நடனம் கற்றார். ஆனால் மனம் நடனத்தில் நிற்கவில்லை. தன்னைப் போன்றவர்கள் படும் பாட்டைப் பார்த்தார்.

அந்தக் காலத்துச் சட்டத்தைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பாடு நமக்குப் புரியும். ஆணும் ஆணும் கூடி வாழ்வது அமெரிக்காவில் குற்றம். 1962-ல் இல்லினாய்ஸ் மாநிலம் மட்டும் அந்தச் சட்டத்தை எடுத்தது. மற்ற மாநிலங்களில் சிறை. மத்திய அரசாங்கத்தில் இருப்பவர் என்றால் வேலை போய்விடும். மருத்துவர்களோ இது ஒரு மனநோய் என்றார்கள். 1973-ம் ஆண்டுதான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலில் இருந்து இதை நீக்கியது.

நியூயார்க்கில் மேட்டசின் சங்கம் என்று ஒன்று இருந்தது. இவர்களுக்காகப் பாடுபட்ட சங்கம். ஆனால் அதன் உறுப்பினர்களில் பலர் சொந்தப் பெயரைச் சொல்லவே பயந்தார்கள். புனைபெயரில் வந்து போனார்கள். ராட்வெல்லுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழி இல்லை. அந்தச் சங்கத்தில் சேர்ந்து உழைத்தார்.

மூன்று நாள் சிறை

அந்த நாட்களில் ராட்வெல்லுக்கு ஒரு காதலர் கிடைத்தார். அவர் பெயர் ஹார்வி மில்க். நல்ல வேலையில் இருந்தவர். தன் காதலை உலகுக்கு மறைத்து வாழ்ந்தவர். தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு ராட்வெல்லைத் துயில் எழுப்புவார்.

1962-ம் ஆண்டு. ராட்வெல் கடற்கரைக்குக் குளிக்கப் போனார். போலீசார் வந்தார்கள். நீச்சல் உடை இத்தனை அளவு உடம்பை மூட வேண்டும் என்று ஒரு பழைய சட்டம். மற்றவர்கள் மீது அந்தச் சட்டம் பாயாது. இவர்களைப் பிடிக்க மட்டும் அது கைகொடுக்கும். மற்றவர்கள் தலைகுனிந்து போனார்கள். ராட்வெல் எதிர்த்துப் பேசினார். பிடித்துப் போனார்கள். மூன்று நாள் சிறை. தலைமுடியையும் சிரைத்துவிட்டார்கள்.

சிறையில் இருந்து வந்தவரைப் பார்த்து மில்க் நடுங்கிப்போனார். போலீஸ் தன் வாசலுக்கும் வந்துவிட்டால்? அந்த நட்பு சிறிது காலத்தில் முறிந்தது. ராட்வெல் மனம் உடைந்தார். உயிரை விடவும் துணிந்தார். நல்ல வேளை, காப்பாற்றப்பட்டார்.

(அந்த மில்க்தான் பின்னாளில் பயத்தை உதறிவிட்டு, 1977-ல் சான்பிரான்சிஸ்கோ நகர சபைத் தேர்தலில் பகிரங்கமாக நின்று வென்றார். 1978 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது தனிக் கதை.)

கோட்டும் கழுத்துப் பட்டையும்

1964-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். நியூயார்க்கில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தின் முன்னால் சுமார் பத்துப் பேர் அட்டை பிடித்து நின்றார்கள். ராட்வெல் அவர்களில் ஒருவர். மறு ஆண்டு வாஷிங்டனில் வெள்ளை மாளிகை முன்பும் மறியல் நடந்தது.

ஒரே ஒரு நாள் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் யார் நினைவில் வைப்பார்கள் என்று ராட்வெல் யோசித்தார். ஆண்டுதோறும், ஒரே நாளில், ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்றார். ஜூலை 4-ந் தேதி அமெரிக்க சுதந்திர தினம். அந்த நாட்டின் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய மண்டபம் பிலடெல்பியாவில் இருக்கிறது. அந்த மண்டபத்தின் முன்னால் நிற்கலாம். சுதந்திரம் எங்களுக்கு இன்னும் வரவில்லை என்று நாட்டுக்கு நினைவூட்டலாம். 1965-ல் இது தொடங்கியது. சுமார் 40 பேர் வந்தார்கள்.

இதற்குக் கட்டுப்பாடு வகுத்தவர் பிராங்க் கேமனி. வானியல் படித்துப் பட்டம் பெற்றவர். 1957-ல், இந்தக் காரணத்துக்காகவே அரசாங்க வேலையை இழந்தவர். வேலை கேட்டு நிற்கிறோம், வேலைக்குத் தகுந்தவர்களாகத் தோன்ற வேண்டாமா என்பது அவர் வாதம். ஆகவே ஆண்கள் கோட்டு அணிய வேண்டும். கழுத்துப் பட்டை கட்ட வேண்டும். பெண்கள் கவுன் அணிய வேண்டும். வரிசை கலையக் கூடாது. சத்தம் கூடாது. ஜூலை மாத வெயிலில் கோட்டோடு வட்டமாகச் சுற்றி நடந்தார்கள்.

கேமனியைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. அந்த நாளில் முகம் காட்டி நிற்பதே பெரிய துணிச்சல். ஆனால் ராட்வெல்லுக்கு ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கோட்டு இறுக்கமாகிக்கொண்டே வந்தது.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. தன்பால் ஈர்ப்புடையோருக்கு மது விற்றால் உரிமம் போய்விடும் என்று நியூயார்க் மதுக் கடைக்காரர்கள் பயந்தார்கள். இதை அம்பலப்படுத்த 1966 ஏப்ரலில் ராட்வெல்லும் நண்பர்களும் பத்திரிகைக்காரர்களை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைக்காரர் மறுக்க வேண்டும். அதுதான் தேவை. முதல் கடை, செய்தி தெரிந்து கதவைச் சாத்திவிட்டது. அடுத்த இரண்டு கடைகளில் சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள்! நாலாவதாக ஜூலியஸ் என்ற கடையில்தான், கடைக்காரர் கிண்ணத்தைக் கையால் மூடி, முடியாது என்றார். படம் பிடித்தாயிற்று. போன காரியம் ஆயிற்று.

கடை திறந்தார்

தெருவைப் பார்த்தபடி ஒரு இடம் பிடித்து, எல்லோரும் வந்து போகும்படி சங்கம் நடத்தலாமே என்று ராட்வெல் கேட்டார். மேட்டசின் சங்கத்தார் ஒப்பவில்லை. அவர் சங்கத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. கோடைக் காலத்தில் தீவு ஒன்றில் ஓட்டல் வேலை செய்தார். காசு சேர்த்தார். 1967 நவம்பரில் மெர்சர் தெருவில் புத்தகக் கடை திறந்தார். கடையைச் சீர்படுத்த சிகாகோவில் இருந்து தாய் வந்து உதவினார். சிறு வயதில் மகனைப் பிரிந்த அந்தத் தாய், மகன் இன்னார் என்று தெரிந்தே வந்தார்.

கடைக்கு ஆஸ்கார் ஒயில்டு பெயரை வைத்தார். அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் புகழ் பெற்ற எழுத்தாளர் அவர். 1895-ல், ஆண்களோடு உறவு கொண்டார் என்று இரண்டு ஆண்டு கடுங்காவல் பெற்றவர்.

ஆபாசப் புத்தகம் விற்றால் நல்ல காசு வரும். ராட்வெல் விற்கவில்லை. தன்பால் ஈர்ப்புடைய எழுத்தாளர்களின் நல்ல நூல்களை மட்டும் அடுக்கினார். அலமாரி பாதி காலி. மிரட்டல்கள் வந்தன. அவர் கடையை மூடவில்லை. வெளியூர் இளைஞர்கள் தயங்கித் தயங்கி உள்ளே வருவார்கள். புத்தகத்தைப் புரட்டுவார்கள். பேச்சுக் கொடுப்பார்கள். அவர்களது முகவரிகளும் கடையில் சேர்ந்தன. அந்த முகவரிகள் பிறகு பெரிய வேலை செய்தன.

கைகளைப் பிரித்தார்

1969-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி. நள்ளிரவு கழிந்த நேரம். கிறிஸ்டோபர் தெருவில் ஸ்டோன்வால் என்ற மது விடுதி. மாபியா கொள்ளைக் கூட்டம் நடத்திய விடுதி அது. போலீஸ் சோதனைக்கு வந்தது. வழக்கமாகப் பிடிபட்டவர்கள் முகத்தை மூடிக்கொண்டு போவார்கள். அன்று போகவில்லை. தெருவில் கூட்டம் திரண்டது. காசுகளும் புட்டிகளும் பறந்தன. போலீசார் விடுதிக்குள்ளேயே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நண்பர் பிரெட் சார்ஜண்டுடன் வீடு திரும்பிய ராட்வெல் அந்த வழியாக வந்தார். ஓடிப் போய்ப் பத்திரிகைகளுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். அடுத்து ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் அச்சிட்டார். மாபியாவும் வேண்டாம், போலீசும் வேண்டாம் என்பது அதன் சாரம். கலவரம் பல இரவுகள் நடந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 4. பிலடெல்பியாவில் வழக்கமான நினைவூட்டல். நியூயார்க்கில் இருந்து ராட்வெல் பஸ்ஸில் ஆட்களை அழைத்துப் போனார். ஸ்டோன்வால் சூடு ஆறாத இளைஞர்கள் அவர்கள். வரிசையில் நடந்த இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். கேமனி விரைந்து வந்தார். இது கூடாது என்று அவர்கள் கைகளைத் தட்டிப் பிரித்தார்.

ராட்வெல் கொதித்துப் போனார். மற்றவர்களிடம் பேசினார். உடனே பல ஜோடிகள் கைகோத்து நடந்தார்கள். சார்ஜண்டின் கையை ராட்வெல் பிடித்துக்கொண்டார். வந்திருந்த பத்திரிகைக்காரர்களிடமும் தன் மனத்தில் இருந்ததைச் சொன்னார். யாரிடம் உரிமை கேட்டு நின்றார்களோ, அவர்களுக்காகக் காதலையே மறைத்துக்கொண்டு நின்றால் கேட்பதில் என்ன பொருள்? இனி இங்கே வருவதில்லை என்று முடிவு கட்டினார்.

நவம்பர் மாதம், கிழக்குக் கரைச் சங்கங்களின் மாநாடு பிலடெல்பியாவில் கூடியது. ராட்வெல், சார்ஜண்ட், எல்லன் பிராய்டி, லிண்டா ரோட்ஸ் ஆகிய நால்வர் சேர்ந்து தீர்மானம் தயாரித்தார்கள். நினைவூட்டலை நியூயார்க்குக்கு மாற்றுவது. ஜூன் மாதக் கடைசியில், ஸ்டோன்வால் நினைவாக நடத்துவது. மற்ற ஊர்களையும் அதே சமயத்தில் நடத்தச் சொல்வது. உடைக்கு விதி இல்லை. வயதுக்கும் விதி இல்லை. தீர்மானம் நிறைவேறியது.

பிறகு ஏற்பாட்டு வேலை. ராட்வெல்லின் வீட்டிலும் கடையிலும் கூட்டங்கள் நடந்தன. பிரெண்டா ஹோவர்டு போன்றவர்கள் ஓடி உழைத்தார்கள். கடையில் சேர்ந்த முகவரிகளுக்கெல்லாம் கடிதம் போயிற்று. வெளியூர்க்காரர்கள் வர வசதியாக ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். பெருமை என்ற சொல்லையும் இந்தக் குழு எடுத்துக்கொண்டது.

50 தெரு

ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி வந்தது எப்போது தெரியுமா? கிளம்புவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான்!

ஆறாவது அவென்யூ வழியாக சென்ட்ரல் பார்க் பூங்கா வரை செல்ல வேண்டும். ஏறக்குறைய 50 தெருக்கள். கூட்டம் கிளம்பியது. வேகமாக நடந்தார்கள். உற்சாகத்தில் பாதி, பயத்தில் பாதி. போட்ட நேரத்தில் பாதிக்குள் தூரத்தைக் கடந்துவிட்டார்கள் என்றால் பாருங்கள்!

கல் விழவில்லை. நடைபாதையில் நின்றவர்களைக் கூட வரும்படி அழைத்துக்கொண்டே போனார்கள். சிலர் முறைத்தார்கள். சிலர் கை தட்டினார்கள். சிலர் தயங்கி நின்று, பிறகு சட்டென்று சாலையில் இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். பூங்காவின் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது.

வானவில் கொடி அன்று இல்லை. அது 1978-ல் வந்தது. கோட்டும் இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நடந்தவர்களும் உண்டு. கைகோத்து நடந்தவர்களைப் பிரிக்க யாரும் வரவில்லை. கேமனியும் அன்று அட்டை பிடித்து அந்த ஊர்வலத்தில் நடந்தார்.

சிகாகோவில் ஒரு நாள் முன்பே ஊர்வலம் நடந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில், நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்கி அதே ஞாயிறு நடந்தார்கள். லண்டனில் 1972-ல் நடந்தது.

ராட்வெல் பெரிய பதவி எதற்கும் போகவில்லை. 1973-ல் கடையைக் கிறிஸ்டோபர் தெருவுக்கே மாற்றினார். மேலும் இருபது ஆண்டு அங்கே புத்தகம் விற்றார். சிறு வயதில் பற்றிய மதத்தையும் விடவில்லை. அந்தச் சபை தன்னைப் போன்றவர்களை ஏற்க வேண்டும் என்று அதனோடும் வாதாடினார். 1993-ல் வயிற்றுப் புற்றுநோய் முற்றியது. மார்ச் மாதம் கடையை விற்றார். ஜூன் 18-ந் தேதி காலமானார். வயது 52.

கடை மேலும் 16 ஆண்டு நடந்தது. 2009 மார்ச் 29-ந் தேதி மூடப்பட்டது.

நம் நாட்டில் முதல் ஊர்வலம் 1999 ஜூலை 2-ந் தேதி கொல்கத்தாவில் நடந்தது. நடந்தவர்கள் 15 பேர். ராட்வெல்லின் கடை மூடிய அதே 2009-ல், ஜூன் 28-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, சென்னை மெரினா கடற்கரைச் சாலையிலும் முதல் ஊர்வலம் போயிற்று.