நிறுத்துக் கடிகாரமும் ஒரு ஓட்ட வீரரும்

ஓட்டப் பயிற்சி என்றால் மைதானத்தை எத்தனை சுற்று வந்தோம் என்பதுதான் கணக்கு என்று பலர் எண்ணுகின்றனர். பாவோ நூர்மியின் வாழ்க்கையைப் படித்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள்.

பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில் 1897-இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார் நூர்மி. 1910-இல் தந்தை இறந்தார். சிறுவன் பள்ளியை விட்டு ஒரு ரொட்டிக்கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். மேட்டுத் தெருக்களில் தள்ளிய பாரவண்டியே அவன் கால்களுக்கு வலுவூட்டியது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். இந்த வரிகளை என்னால் விரைவாகப் படித்துக் கடக்க முடியவில்லை.

தொடக்கத்தில் நீண்ட நடையே அவருடைய முக்கியப் பயிற்சி. அது நெடுநேரம் தளராத உடலைத் தந்தது, வேகத்தைத் தரவில்லை. 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் பிரெஞ்சு வீரர் கியெமோ அவரை முந்திச் சென்றார். அதன் பின்னரே குறுந்தூர விரைவோட்டங்களும், நேரம் குறித்து ஓடுவதும் அவர் பயிற்சியில் மிகுந்தன. நம் இயற்பியல் ஆய்வகத்தில் ஊசலின் அலைவுக்கு நேரம் பார்க்கிறோமே, அத்தகைய நிறுத்துக் கடிகாரத்தைப் பந்தயத்திலும் கையில் பிடித்து ஓடினார். தொடக்கத்திலேயே பாய்ந்தால் தசைகள் ஆக்சிஜன் பற்றாமல் விரைவில் சோர்ந்துவிடும்; ஒரே சீராக ஓடினால் ஆற்றல் மிஞ்சும். ஆனால் எதிரி திடீரெனப் பாயும்போது கடிகாரத்தை நம்பிப் பொறுத்திருக்க மனத்திண்மை வேண்டும்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500, 5000 மீட்டர் இறுதிப் போட்டிகள் ஒரே நாளில், ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த இடைவெளியில் அமைந்தன. மூன்று வாரங்களுக்கு முன்பே, ஜூன் 19 அன்று, ஹெல்சிங்கியில் அவ்விரண்டையும் அடுத்தடுத்து ஓடி ஒத்திகை பார்த்தார். இரண்டிலும் உலகச் சாதனை! பாரிசில் இரண்டிலும் தங்கம்.

ஆனால் 10,000 மீட்டரில் ஓட அவருக்கு இடம் தரவில்லை. பந்தயங்கள் மிகுதி என்பது பின்லாந்து அதிகாரிகளின் கணக்கு. அது முற்றிலும் தவறென்று நான் சொல்லமாட்டேன். அங்கு வெயிலில் நடந்த நாடுகடந்த ஓட்டத்தில் புறப்பட்ட 38 பேரில் 15 பேர்தான் முடித்தனர். அதிலும் வென்றவர் நூர்மியே. 10,000 மீட்டரில் ரிட்டோலா 30 நிமிடம் 23.2 வினாடியில் வென்றார். நாடு திரும்பிய நூர்மி ஆகஸ்டு 31-இல் அதே தூரத்தை 30 நிமிடம் 6.2 வினாடியில் ஓடிக் காட்டினார்.

மூன்று ஒலிம்பிக்குகளில் 9 தங்கம், 3 வெள்ளி பெற்ற அவர் 1973-இல் மறைந்தார். இவ்வளவு வென்றவரே பிற்காலத்தில், இளமையில் மெதுவான நடைக்கு மிகுந்த நேரத்தைச் செலவிட்டுவிட்டதாகவும், வேகப் பயிற்சியைக் குறைத்துவிட்டதாகவும் கருதினார்.