ஒரு ஏக்கர் நிலம் எழுத சட்டம் தடை போட்ட ஊரில் எம்.பி. ஆன பஞ்சாப்காரர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரிவர்சைடு, இம்பீரியல் என்று இரண்டு மாவட்டங்கள். 1950-களில் இந்த இரண்டும் சேர்ந்ததுதான் 29-வது பாராளுமன்ற தொகுதி. பரப்பளவு 11 ஆயிரம் சதுர மைலுக்கு மேல். ஒரு பக்கம் பணக்காரர்கள் ஓய்வெடுக்கும் பாம் ஸ்பிரிங்ஸ். இன்னொரு பக்கம் மெக்சிகோ எல்லை வரை பருத்தியும் லெட்டூஸ் கீரையும் விளையும் வயல்காடு.

இந்த தொகுதியில் 1956-ல் நடந்த தேர்தலை அமெரிக்காவே வேடிக்கை பார்த்தது. ஒரு பக்கம் உலகப் புகழ் பெற்ற பெண் விமானி. கோடீசுவரர் வீட்டு எஜமானி. எதிரில் நின்றவர் அமிர்தசரஸ் பக்கத்து கிராமத்தில் பிறந்து, அந்த வயல்காட்டில் கூலி ஆட்களோடு வெயிலில் காய்ந்த ஒரு சீக்கியர்.

ஜெயித்தது சீக்கியர். பெயர் தலிப் சிங் சவுந்த். அமெரிக்க பாராளுமன்றத்தில் காலடி வைத்த முதல் இந்தியர். ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் ஆன முதல் ஆசியாக்காரரும் அவர்தான்.

படிக்க போனவர் மேஸ்திரி ஆனார்

சவுந்த் பிறந்தது 1899-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந்தேதி. ஊர் சஜ்ஜல்வாடி. அப்பா காண்டிராக்டர். எழுதப் படிக்க தெரியாதவர், ஆனால் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சவுந்துக்கு 10 வயது இருக்கும்போதே அப்பா போய்விட்டார்.

பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. கணிதம் முடித்து, 1920-ல் கப்பல் ஏறினார். அமெரிக்காவில் பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, மாம்பழத்தை அப்படி டப்பாவில் அடைத்து விற்பது என்பதுதான் திட்டம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சீக்கியர்கள் நடத்திய விடுதியில் தங்கல். லீவு விட்டால் டப்பா கம்பெனியில் கூலி வேலை. மனம் மாறி மறுபடி கணக்கு பக்கம் போய், 1922-ல் எம்.ஏ., 1924-ல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

ஆனால் வேலை? கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கிய இந்தியருக்கு அன்றைய அமெரிக்காவில் வாத்தியார் வேலை கொடுக்க ஆள் இல்லை. 1925-ல் இம்பீரியல் பள்ளத்தாக்குக்கு போனார். பருத்தி எடுக்கும் கூலி ஆட்களுக்கு மேஸ்திரி.

கடல் மட்டத்துக்கு கீழே கிடக்கும் பூமி அது. கோடையில் வெயில் 45 டிகிரி செல்சியசை தாண்டும். கொலராடோ ஆற்றுத் தண்ணீரை கால்வாய் வெட்டி கொண்டு வந்ததால்தான் விவசாயமே. பஞ்சாபில் இருந்து போன பலர் அங்கே பாடுபட்டார்கள். ஊரில் இருந்து மனைவியை அழைத்து வர முடியாது. வெள்ளைக்கார பெண்ணை கட்டவும் மாநில சட்டம் குறுக்கே நின்றது. அதனால் மெக்சிகோ பெண்களை மணந்து அங்கேயே குடும்பமானவர்கள் நிறைய பேர்.

பாடுபடலாம், பத்திரம் எழுத முடியாது

அப்போதைய சட்டத்தை கேட்டால் தலை சுற்றும். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத்சிங் திந்த் என்ற பஞ்சாப்காரர் குடியுரிமை கேட்டு வழக்காடினார். 1923-ல் சுப்ரீம் கோர்ட்டு கைவிரித்துவிட்டது. இந்தியர் வெள்ளையர் கணக்கில் வரமாட்டார், எனவே குடிமகன் ஆக முடியாது என்று தீர்ப்பு. குடிமகன் ஆக தகுதி இல்லாதவருக்கு கலிபோர்னியாவில் நிலம் வாங்கவும் உரிமை இல்லை. குத்தகை கூட சொந்தப் பெயரில் எழுத முடியாது. அமெரிக்கர் யாராவது ஒருவர் பெயரில் எழுதி வைத்து, அவர் ஏமாற்றாமல் இருக்க சாமியை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

1928-ல் மரியன் கோசா என்ற பெண்ணை சவுந்த் காதலித்து மணந்தார். செக் வம்சாவளி குடும்பத்துப் பெண். அந்த கல்யாணத்தால் மரியனின் அமெரிக்க குடியுரிமையே பறிபோனது. குடிமகன் ஆக முடியாதவரை கட்டிக்கொண்டால் பெண்ணுக்கும் அதே கதி என்று அப்போது சட்டம் இருந்தது. 1931-ல்தான் அதை மாற்றினார்கள்.

1930-ல் சவுந்த் லெட்டூஸ் போட்டார். பொருளாதார வீழ்ச்சியில் விலை அதல பாதாளத்துக்கு போனது. கடன் கழுத்தை நெரித்தது. அந்த பகுதியில் பலர் மஞ்சள் கடுதாசி கொடுத்து தப்பித்தார்கள். சவுந்த் கொடுக்கவில்லை. வருடக்கணக்கில் உழைத்து கடனை அடைத்தார். இடையில் புத்தகமும் எழுதினார். இந்தியாவை கேவலப்படுத்தி கேதரின் மேயோ என்ற அமெரிக்க பெண் எழுதிய நூலுக்கு பதிலடியாக, ஸ்டாக்டன் சீக்கிய கோவிலார் கேட்டுக்கொண்டபடி 1930-ல் வந்த நூல் அது. பகலில் வயல், ஓய்ந்த நேரத்தில் இந்திய சுதந்திரத்துக்காக மேடைப் பேச்சு. ஊர்க்காரர்களுக்கு அவரை தெரிந்தது இப்படித்தான்.

குடியுரிமை கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை

1942-ல் அமெரிக்க இந்தியர் சங்கம் அமைத்து, அதற்கு தலைவராகி, குடியுரிமைக்காக சவுந்த் அலைந்தார். வேறு பலரும் பாடுபட்டார்கள். 1946 ஜூலை 2-ந்தேதி ஜனாதிபதி ட்ரூமன் அந்த சட்டத்தில் கையெழுத்து போட்டார். வருடத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம், ஏற்கனவே இருப்பவர்கள் குடிமகன் ஆகலாம். 1949 டிசம்பர் 16-ந்தேதி சவுந்த் அமெரிக்க குடிமகன் ஆனார். கப்பல் ஏறி 29 வருடம் ஆகியிருந்தது.

மறுவருடமே வெஸ்ட்மோர்லாண்ட் ஊரில் நீதிபதி தேர்தலில் நின்றார். அங்கே கீழ் கோர்ட்டு ஜட்ஜையும் மக்கள்தான் ஓட்டு போட்டு தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்தும் விட்டார். ஆனால் தேர்தல் நாளில் அவர் குடிமகன் ஆகி ஒரு வருடம் முடியவில்லை என்று சொல்லி பதவியை தரவில்லை. சளைக்கவில்லை மனிதர். 1952-ல் மறுபடி நின்றார்.

அந்த தேர்தலில் ஒரு வேடிக்கை. ஜட்ஜ் ஆனால் எல்லோருக்கும் தலைப்பாகையை நீங்களே தருவீர்களா, நாங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று ஒருவர் கிண்டலாக கேட்டார். தலையில் என்ன இருக்கிறது என்பது எனக்கு முக்கியமில்லை, தலைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்கிற மாதிரி சவுந்த் சிரித்தபடியே பதில் சொல்லிவிட்டார். கேட்டவர் வாயடைத்துப் போனார். இந்த முறையும் வெற்றி. சூதாட்டத்துக்கும் விபசாரத்துக்கும் பேர் போயிருந்த அந்த சின்ன ஊரில் கண்டிப்பான ஜட்ஜ் என்று பெயர் வாங்கினார். கூடவே உர வியாபாரம்.

18 நாள் கணக்கு

29-வது தொகுதி 1953-ல்தான் அந்த எண்ணில் உருவானது. முதல் எம்.பி. குடியரசு கட்சியின் ஜான் பிலிப்ஸ். 1943-ல் இருந்தே பாராளுமன்றத்தில் இருந்தவர். 1956-ல் அவர் ஒதுங்கிக்கொள்ள, ஜனநாயக கட்சி சார்பில் சவுந்த் களத்தில் குதித்தார்.

முதல் குடைச்சல் சொந்த கட்சியிலேயே வந்தது. எம்.பி. ஆக 7 வருடம் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டம். சவுந்துக்கு அது முடியவில்லை என்று உள்கட்சி போட்டியாளர் கோர்ட்டுக்கு போனார். கணக்கு பார்த்தால், 7 வருடம் முடிவது 1956 டிசம்பர் 16. பதவி ஏற்கும் நாள் 1957 ஜனவரி 3. வெறும் 18 நாள் இடைவெளி. கோர்ட்டு வழக்கை தள்ளிவிட்டது. குடியுரிமை விழா மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தால் இந்த கதையே வேறு.

அடுத்தது ஜாக்குலின் காக்ரன். 1953-ல் ஒலியின் வேகத்தை மிஞ்சி விமானம் ஓட்டிய உலகின் முதல் பெண். கணவர் பெரிய தொழில் அதிபர். இதே தொகுதியில் இந்தியோ ஊரில் பண்ணை. ஐசனோவரை 1952-ல் ஜனாதிபதி தேர்தலுக்கு இழுத்து வர ஓடி ஓடி வேலை செய்தவர். சொந்த விமானத்தை தானே ஓட்டிக்கொண்டு தொகுதி முழுக்க பறந்து ஓட்டு கேட்டார்.

சவுந்திடம் விமானம் ஏது? மனைவி, பிள்ளைகள், நண்பர்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஓட்டர் லிஸ்டில் இல்லாதவர்களை தேடிப்பிடித்து பெயர் சேர்த்தார்கள். ஊர் ஊராக விருந்து வைத்து மக்களை கூட்டினார்கள்.

அதே நாளில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் ஐசனோவர் அமோக வெற்றி. அந்த அலையிலும் அவரது தோழி தோற்றுப்போனார். ஓட்டு வித்தியாசம் சுமார் 3,300. சொந்தப் பெயரில் குத்தகை எழுத முடியாதவர் அந்த வயல்காட்டுக்கே எம்.பி. ஆனார்.

ஊருக்கு வந்தார்

வெளியுறவு கமிட்டியில் இடம் கிடைத்தது. கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்கான 1957 சட்டத்தை ஆதரித்து ஓட்டு போட்டார். அந்த வருடக் கடைசியில் ஆசிய சுற்றுப்பயணம். 37 வருடம் கழித்து பிறந்த கிராமத்தில் கால் வைத்தார். அமெரிக்காவில் இந்தியருக்கு மதிப்பே கிடையாது என்று அந்த காலத்தில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு பதில் சொல்ல அவர் வந்து நின்றதே போதுமானதாக இருந்தது.

அங்கே எம்.பி. பதவி 2 வருடம்தான். 1958-லும் 1960-லும் மறுபடி ஜெயித்தார். 1958-ல் கிடைத்தது 60 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு. தன் வாழ்க்கை வரலாற்றையும் 1960-ல் வெளியிட்டார்.

1962 மே மாதம் விமானத்தில் போய்க்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. மேடைப் பேச்சால் வளர்ந்த மனிதருக்கு பேச்சு போனது. துணை இல்லாமல் நடக்க முடியவில்லை. அப்படியும் கட்சி அவரையே வேட்பாளர் ஆக்கியது. ஓட்டு கேட்டு தெருவுக்கு வர முடியாத வேட்பாளர். குடும்பத்தார்தான் அவருக்காக அலைந்தார்கள். நவம்பரில் குடியரசு கட்சியின் பேட்ரிக் மார்ட்டினிடம் தோல்வி. அதன்பிறகு 11 வருடம் நோயோடு வாழ்ந்து, 1973 ஏப்ரல் 22-ந்தேதி தன் 73-வது வயதில் காலமானார்.

தொகுதி என்ன ஆனது? நம்ம ஊர் தொகுதி மறுசீரமைப்பு மாதிரிதான். மக்கள்தொகை கணக்கெடுப்புக்கு பின் எல்லையை மாற்றினார்கள். ரிவர்சைடும் இம்பீரியலும் 38-வது தொகுதிக்கு போயின. மார்ட்டின் ஒரு தடவையோடு சரி. 1964-ல் அவரை வீழ்த்திய ஜான் டன்னி, குத்துச்சண்டை உலக சாம்பியன் ஜீன் டன்னியின் மகன். 29 என்ற எண் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஓடிவிட்டது. மேக்சின் வாட்டர்ஸ், ஹென்றி வாக்ஸ்மன், ஆடம் ஷிப் என்று பெரிய பெயர்கள் பிறகு அந்த எண்ணில் எம்.பி. ஆனார்கள்.

சவுந்துக்கு அடுத்து ஒரு இந்திய வம்சாவளிக்காரர் அந்த சபைக்கு ஜெயித்து வர 48 வருடம் பிடித்தது. 2004-ல் லூசியானாவில் பாபி ஜிண்டால். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் ஜெயித்தது 2016-ல்.

2005-ல் ரிவர்சைடு மாவட்டத்தில் உள்ள டெமெக்யூலா ஊர் தபால் ஆபீசுக்கு சவுந்தின் பெயரை வைத்து சட்டம் போட்டார்கள். 2007-ல் பாராளுமன்ற கட்டிடத்தில் அவரது படமும் ஏறியது.