காந்தியடிகள் நடத்திய தமிழ் வகுப்பு

சங்ககிரி மலைக்கோட்டைக்குத் தெற்கே திருச்செங்கோடு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் புதுப்பாளையம் என்று ஓர் ஊர். 1925-ம் ஆண்டு ராஜாஜி அங்கே காந்தி ஆசிரமம் தொடங்கினார். அதே ஆண்டில் காந்தியடிகளும் அங்கு வந்தார்.

அவரைப் பார்த்தவர்கள், முழத்துண்டு கட்டிய ஒரு பெரிய தலைவரைக் கண்டார்கள். அந்தத் தலைவர் ஒரு காலத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஆம். காந்தியடிகள் தமிழ் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்கினார். இதில் ஒரு வேடிக்கை. அந்த வகுப்பில் வாத்தியாரை விட மாணவர்கள் நன்றாகத் தமிழ் பேசுவார்கள்!

அது நடந்தது தென் ஆப்பிரிக்காவில். அந்தக் கதை அவருடைய சொந்த வீட்டில் தொடங்குகிறது.

எந்தப் பள்ளிக்கூடம்?

1897-ம் ஆண்டு ஜனவரி மாதம். பாரிஸ்டர் காந்தி குடும்பத்தோடு டர்பன் நகரில் வந்து இறங்கினார். மனைவி கஸ்தூரிபாய், மகன்கள் ஹரிலால், மணிலால், 10 வயதான தமக்கை மகன் ஆகியோர் உடன் வந்தார்கள்.

மூன்று பையன்களையும் எங்கே படிக்க வைப்பது?

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருந்தது. பாரிஸ்டர் பிள்ளைகள் என்பதால், சலுகை காட்டிச் சேர்த்துக் கொள்வார்கள். மற்ற இந்தியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடையாது. ஊரார் பிள்ளைக்கு இல்லாத சலுகை தம் பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்தார் காந்தி. பாதிரிமார்கள் இந்தியப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் நடத்தினார்கள். அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே வீட்டிலேயே பாடம் என்று முடிவாயிற்று. ஓர் ஆங்கில மாதை ஆசிரியையாக அமர்த்தினார். சம்பளம் மாதம் 7 பவுன். அந்நாளில் அது நூறு ரூபாய்க்கு மேல்! காந்தி பிள்ளைகளோடு குஜராத்தியில் மட்டுமே பேசுவார். நேரம் கிடைத்தபோது குஜராத்தி சொல்லிக் கொடுப்பார். நேரம்தான் கிடைக்கவில்லை. வழக்குகள், கூட்டங்கள், மனுக்கள் என்று பொழுது போய்விடும்.

பின்னால் ஜோகன்னஸ்பர்க் நகரில் குடியிருந்தபோது, அவர் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்தே போவார். பையன்களும் கூடவே நடப்பார்கள். நடக்கும் வழியில் பாடம்! யாராவது கட்சிக்காரரோ நண்பரோ சேர்ந்து கொண்டால் அன்றைக்குப் பாடம் இல்லை. மூத்த மகன் ஹரிலால் அப்போது இந்தியாவில் இருந்தார். நடைவழிப் பாடம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

பண்ணையில் பள்ளிக்கூடம்

1910-ம் ஆண்டு. டிரான்ஸ்வால் இந்தியர்கள் அநியாயச் சட்டங்களை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தார்கள். சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். தகப்பன் சிறையில் இருந்தால் பெண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார்?

கல்லன்பாக் என்ற ஜெர்மானிய யூதர் உதவிக்கு வந்தார். அவர் கட்டிடக் கலை நிபுணர், காந்தியின் நண்பர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி, வாடகை இல்லாமல் கொடுத்தார். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர். பழமரங்கள் மட்டும் ஆயிரம் அளவுக்கு இருந்தன.

சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. பிள்ளைகள் 20 முதல் 30 பேர். 7 வயதுப் பொடியனும் இருந்தான். 20 வயது வாலிபனும் இருந்தான். ஒருவன் வீட்டில் தமிழ், இன்னொருவன் வீட்டில் குஜராத்தி. இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் எல்லா மதத்தாரும் உண்டு. காசு கொடுத்து வாத்தியார் வைக்க முடியாது. காந்தியும் கல்லன்பாக்கும் சில நண்பர்களுமே வாத்தியார்கள் ஆனார்கள்.

இத்தனை விதமான பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை வைத்தால் நடக்குமா?

காந்தி அப்படி வைக்கவில்லை. அவரவர் தாய்மொழியில் அவரவருக்குப் பாடம். தமிழ், குஜராத்தி, உருது, இந்தி நான்கும் நடந்தன. குஜராத்தி இந்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சமஸ்கிருதம் உண்டு. கணக்கு, சரித்திரம், பூகோளம், ஆங்கிலம் எல்லோருக்கும் பொது. மதப் பாடமும் அவரவருக்கு அவரவர் வேதம். ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் பையன்கள் நோன்பு இருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக மற்றப் பையன்களும் மாலை வரை சாப்பிடாமல் இருந்தார்கள்.

ஏட்டுப் பாடத்துக்கு நாளொன்றுக்கு மூன்று பாடவேளைதான். காலையில் உடலுழைப்பு. குழி வெட்டுவது, மரம் வெட்டுவது, சுமை தூக்குவது, சமையல் எல்லாம் உண்டு. பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. துப்புரவு வேலையும் அவர்களே செய்ய வேண்டும். கல்லன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். காந்தி அவரிடம் கற்றார். பையன்கள் காந்தியிடம் கற்றார்கள். வாத்தியார் செய்யாத வேலையை மாணவனிடம் சொல்லக்கூடாது என்பது அங்கே சட்டம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. அப்போதுதான் தொல்லை! காலையெல்லாம் மண்வெட்டி பிடித்த வாத்தியாருக்குக் கண் சொக்கும். மாணவர்களும் தூங்கி விழுவார்கள். கண்ணில் தண்ணீர் தெளித்துக் கொள்வார்கள். பிள்ளைகளோடு விளையாடிப் பார்ப்பார்கள். சில நாள் தூக்கமே வென்றுவிடும்.

தமிழ் தெரியாத தமிழ் வாத்தியார்

தமிழ்ப் பாடம் காந்தியின் பொறுப்பு. உருதும் அவர்தான். அவர் தமிழ் கற்றது எப்படித் தெரியுமா? போப் ஐயர் எழுதிய தமிழ்க் கையேட்டை வைத்துக்கொண்டு கப்பலில் கொஞ்சம், சிறையில் கொஞ்சம். போப் ஐயர்தான் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்.

மாணவர்களோ தென் ஆப்பிரிக்காவிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். ஓரளவு பேசத் தெரியும். எழுத்துத் தெரியாது. எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் வாத்தியாருக்குத் தெரியும். பேச வராது! இருவரிடமும் பாதிப் பாதி இருந்தது.

ஆங்கிலம் அறியாத தமிழர் யாராவது காந்தியைப் பார்க்க வந்தால், மாணவர்களே மொழிபெயர்த்துச் சொல்வார்கள். காந்தி வெட்கப்படவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவும் இல்லை. அதனால் பிள்ளைகளுக்கு அவரிடம் பிரியமும் குறையவில்லை, மரியாதையும் குறையவில்லை.

பாடப் புத்தகங்களும் அங்கே அதிகம் இல்லை. ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை அவர் பையன்களோடு படித்ததே இல்லை. தாம் படித்ததைக் கதைபோல் சொல்வார். அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். படிப்பது பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறது, கேட்பது இன்பமாக இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார்.

ஓங்கிய ரூல் தடி

எல்லாம் இன்பமாக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நல்ல கட்டான உடம்பு. பொய் சொல்வான், சண்டை பிடிப்பான், யாருக்கும் அடங்கமாட்டான். ஒருநாள் அவன் அட்டகாசம் எல்லை மீறியது. காந்தி புத்தி சொன்னார். அவன் கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த ரூல் தடியை எடுத்து அவன் கையில் ஓங்கி அடித்துவிட்டார்.

அடிக்கும்போதே அவர் உடம்பு நடுங்கியது. பையன் அதைப் பார்த்துவிட்டான். அழுது மன்னிப்புக் கேட்டான். அவன் நினைத்திருந்தால் திருப்பி அடித்திருக்கலாம். அவன் அழுதது வலியால் அல்ல என்று காந்திக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் அடங்கி நடந்தான். ஆனாலும் அந்த அடியைக் காந்தி தம் வெற்றியாக நினைக்கவில்லை. பிறகு எந்த மாணவனையும் அவர் அடித்ததில்லை.

இப்படிப்பட்ட முரட்டுப் பையன்களோடு சொந்தப் பிள்ளைகளைச் சேர விடலாமா என்று கல்லன்பாக் ஒருநாள் கண்டித்தார். காந்தி பிரித்து வைக்க மறுத்துவிட்டார்.

மூத்த மகனின் மனக்குறை

பண்ணையில் வகுப்பு தொடங்கியபோது ஹரிலாலுக்கு 22 வயது. மணமானவர். தகப்பனார் வழியில் பலமுறை சிறை சென்ற வீரர். ஆனால் அவருக்கு ஒரு தீராத ஆசை. தந்தையைப் போல் சீமைக்குப் போய்ப் படிக்க வேண்டும்!

காந்தியின் நண்பர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, ஓர் இளைஞனின் சீமைப் படிப்புக்குப் பணம் தர முன்வந்தார். காந்தி தம் மகனை அனுப்பவில்லை. முதலில் உறவினர் சகன்லாலையும், பின்பு சொராப்ஜி என்ற பார்சி இளைஞரையும் அனுப்பினார். மகனுக்குச் சலுகை கூடாது என்பது தகப்பனார் எண்ணம். மகனுக்கு நெஞ்சு புண்ணாகிவிட்டது.

1911-ம் ஆண்டு ஹரிலால் வீட்டை விட்டுப் போனார். இந்தியாவுக்கு வந்து, ஆமதாபாத்தில் சின்னப் பையன்களோடு பள்ளியில் உட்கார்ந்து படித்தார். மெட்ரிகுலேஷன் தேறவில்லை. பிறகு தந்தைக்கும் மகனுக்கும் ஒட்டவே இல்லை. ஊரார் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று பாடவேளை ஒதுக்கிய மனிதர், தம் மூத்த மகனுக்கு அவன் சிறுவனாக இருந்தபோது ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. தினம் ஒரு மணி நேரமாவது தவறாமல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டும் என்று காந்தியே தம் சுயசரிதையில் வருந்தி எழுதினார். ஆனால் பள்ளிக்கு அனுப்பாதது தவறு என்று மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

காந்தி 1948 ஜனவரி 30-ந் தேதி சுடப்பட்டு இறந்தார். ஐந்து மாதம் ஆகுமுன்பே, ஜூன் மாதத்தில், ஹரிலாலும் பம்பாய் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

மற்றப் பிள்ளைகளும் பெரிய பட்டம் எதுவும் வாங்கவில்லை. இரண்டாவது மகன் மணிலால், தந்தை நடத்திய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையைத் தென் ஆப்பிரிக்காவிலேயே இருந்து 1956-ல் இறக்கும் வரை நடத்தினார். கடைசி மகன் தேவதாஸ் 1918-ம் ஆண்டு சென்னைக்கு வந்தார். எதற்கு? தமிழர்களுக்கு இந்தி சொல்லிக் கொடுக்க! புதுப்பாளையம் ஆசிரமத்தைத் தொடங்கிய ராஜாஜியின் மகள் லட்சுமியை 1933-ல் மணந்து, அவர் நம் சேலம் சீமைக்கு மருமகனும் ஆனார்.